பால்வாடியில் மட்டும் எப்படிச் சமர்த்து?

வீட்டில் ஒரு கிண்ணம் பருப்புச் சாதம் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகிறது. கைப்பேசியில் பாட்டு ஓட வேண்டும். அம்மா கிண்ணத்தோடு வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் பின்னாலேயே போக வேண்டும். அதே மூன்றரை வயதுக் குழந்தை பால்வாடியில் தட்டைத் தானே எடுத்துவந்து வரிசையில் உட்காருகிறது. கலவை சாதத்தையும் முட்டையையும் தன் கையாலேயே சாப்பிடுகிறது. கை கழுவிவிட்டுப் பாயில் போய்ப் படுத்துத் தூங்கியும் விடுகிறது. பார்க்கிற அம்மாக்களுக்கு நம்ப முடிவதில்லை. "எங்க வீட்டுப் பிள்ளையா டீச்சர் இது?" என்று கேட்காத தாய் இல்லை.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, டீச்சர் மேல் பயம். இரண்டு, மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் செய்கிறது. முதல் காரணத்தைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். குரலை உயர்த்தவே தெரியாத டீச்சரிடமும் குழந்தைகள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். நீண்ட விடுமுறை முடிந்து வரும் வாரத்திலோ, அதே டீச்சரிடம் அதே குழந்தை அழுது அடம்பிடிக்கிறது. பயம்தான் காரணமென்றால் விடுமுறையில் அது கரைந்துபோயிருக்காது. இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் இன்னொரு மூன்று வயதுக் குழந்தைதான். அது யாரைப் பார்த்துச் செய்கிறது?

அப்படியானால் அந்த அறையில் பிள்ளைகளை நடத்துவது எது? அங்கே ஒரு நாள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அதைப் பார்க்கும் முன், மூன்று வயது மூளைக்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரியும், ஆனால் முடியாது

பிலிப் செலாசோ என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் ஓர் எளிய சீட்டு விளையாட்டை உருவாக்கினார்கள். சில சீட்டுகளில் சிவப்பு முயல், சிலவற்றில் நீலப் படகு, இப்படிப் படங்கள் இருக்கும். முதலில், "நிறத்தைப் பார்த்துப் பிரி. சிவப்பெல்லாம் இங்கே, நீலமெல்லாம் அங்கே" என்று சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தை தடுமாறாமல் பிரித்துவிடும். பிறகு விதியை மாற்றுவார்கள்: "இப்போது நிறத்தை விட்டுவிடு. உருவத்தைப் பார்த்துப் பிரி. முயல் இங்கே, படகு அங்கே."

மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் பழைய விதிப்படி நிறத்தைப் பார்த்தே பிரித்துக்கொண்டிருந்தார்கள். வியப்பு அதற்கு அடுத்துத்தான் வருகிறது. "முயல் எங்கே போகணும்?" என்று நடுவில் கேட்டால் சரியான இடத்தைக் காட்டினார்கள். சீட்டைக் கையில் கொடுத்ததும் மறுபடி தவறான இடத்தில் வைத்தார்கள். விதி அவர்களுக்குத் தெரியும். அதன்படி கையை நடத்தத்தான் முடியவில்லை. இதே விளையாட்டை ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் எளிதாகச் செய்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் வளர்வதைத் தன்னாட்சித் திறன் என்று அழைப்போம். ஒருவர் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் அது. அதில் மூன்று பகுதிகள் உண்டு: சொன்னதை மனத்தில் வைத்திருப்பது, உடனே எழும் ஆசையை நிறுத்திவைப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. இவற்றுக்கெல்லாம் அதிகம் பொறுப்பேற்பது நெற்றி எலும்புக்கு நேர் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. மூளையில் மிகக் கடைசியாக முதிரும் பகுதிகளில் ஒன்று இது. இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். அதன் வேகமான பாய்ச்சல்களில் ஒன்று மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. குழந்தை பால்வாடிக்குப் போகும் காலமும் அதுவே.

"எத்தனை தடவை சொல்றது? சொன்னா புரியாதா?" என்று நாம் கேட்கிறோம். புரிகிறது. அந்தப் புரிதலைக் கைகால்களுக்குக் கொண்டுபோகும் வழிதான் இன்னும் உருவாகவில்லை.

வளரும் வரை ஒரு சாரம்

கட்டடம் எழும்பும்போது சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறோம். சுவர் தன் காலில் நிற்கும் வரை அது தாங்கும், நின்றபின் அவிழ்த்துவிடுவோம். ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1976-இல் தம் கூட்டாளிகளோடு எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், பெரியவர்கள் குழந்தைக்குத் தரும் உதவியைச் சாரம் என்றே அழைத்தார். குழந்தையால் இன்னும் முடியாத பகுதியை மட்டும் பெரியவர் தாங்கிக்கொள்வது, முடிய முடிய விலகிக்கொள்வது என்பது அதன் பொருள்.

நல்ல பால்வாடியில் இந்தச் சாரமாக நிற்பது நாளின் ஒழுங்கு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குழந்தை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. அந்த அறையும் நேரமும் அதைச் சொல்லிவிடுகின்றன. பாய் விரித்தால் படுக்க வேண்டும். தட்டு வந்தால் உட்கார வேண்டும். வாளியில் தண்ணீர் வைத்தால் கை கழுவ வேண்டும். டீச்சர் ஒவ்வொரு முறையும் கட்டளையிட வேண்டியதில்லை. குழந்தையும் ஒவ்வொரு முறையும் தன்னோடு போராட வேண்டியதில்லை. வளராத பகுதியின் வேலையில் பாதியை நாள் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் பெரும்பாலும் இந்தத் தாங்கல் கிடையாது. இன்று சாப்பாடு டிவி முன்னால், நாளை மாடியில், மறுநாள் அத்தை வந்ததால் இரவு ஒன்பதரைக்கு. ஒவ்வொரு நாளும் குழந்தை புதிதாக ஒன்றைப் புரிந்துகொண்டு, புதிதாக ஒன்றுக்கு மாறி, புதிதாக ஓர் ஆசையை அடக்க வேண்டியிருக்கிறது. எந்தத் திறன் குறைவோ அதையே அதிகம் கேட்கும் சூழல் அது.

மணி பார்க்கத் தெரியாதவர்களின் நேரம்

"இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்பணும்" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்வதால் பயனில்லை. பத்து நிமிடம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆனால் எதற்குப் பின் எது வரும் என்பது நன்றாகத் தெரியும்.

கேத்தரின் நெல்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலும் 80களிலும் இதைத் துலக்கமாகக் காட்டினார். மூன்று வயதுக் குழந்தைகளிடம், "உன் பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்டார். அந்த வயதினருக்குக் கோவையாகப் பேசவே வராது என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. குழந்தைகளோ ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான வரிசையில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நேற்று நடந்த கதையல்ல; "கை கழுவுவோம், உட்காருவோம், சாப்பிடுவோம்" என்று எப்போதும் நடப்பதையே சொன்னார்கள். அடிக்கடி நடப்பதிலிருந்து ஒரு வரிசையைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வதில் சிறு குழந்தைகள் வல்லவர்கள். இதை வரிசை நினைவு எனலாம். அவர்களுடைய கடிகாரம் அதுதான்.

பால்வாடியின் நாளை இந்தக் கண்ணோடு பாருங்கள். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது, வணக்கம், பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சும் பாட்டும். அதன்பின் கதையோ படங்களோ. பிறகு கட்டைகளையும் பொம்மைகளையும் வைத்து விருப்பம்போல் விளையாட்டு. வெளியில் ஓட்டம். கை கழுவுதல். சாப்பாடு. தூக்கம். எழுந்து முகம் கழுவி வீட்டுக்கு. அமர்ந்து செய்வதும் ஓடியாடுவதும், எல்லாரும் சேர்ந்து செய்வதும் அவரவர் விருப்பம்போல் செய்வதும் மாறி மாறி வருகின்றன. எந்த ஒன்றும் குழந்தையின் பொறுமைக்கு மேல் நீள்வதில்லை.

இந்த நாளின் அச்சு மதியச் சாப்பாடு. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் முதலில் போய்ச் சேர்ந்தது சிற்றூர்களில் இருந்த பால்வாடிகளின் சிறு குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான். பசியைப் போக்க வந்த அந்தத் திட்டம் குழந்தைகளின் நாளுக்கு நகராத ஒரு நடுப்புள்ளியையும் தந்தது. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று நாள் இரண்டாகப் பிரிந்ததும் மற்றவை அதனதன் இடத்தில் அமர்ந்தன.

இந்த வரிசையில் வழுக்கும் இடங்கள் மாறும் நேரங்கள்தாம். விளையாட்டை விட்டுச் சாப்பாட்டுக்கு வருவது மூன்று வயது மூளைக்கு மிகக் கடினமான வேலை. சீட்டு விளையாட்டில் விதி மாறியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அனுபவமுள்ள டீச்சர்கள் இதற்குப் பாட்டைத்தான் நம்புகிறார்கள். பொம்மைகளை எடுத்துவைக்க ஒரு பாட்டு, கை கழுவப் போக ஒரு பாட்டு. பாட்டு தொடங்கியதுமே கை வேலையை மாற்றத் தொடங்குகிறது. பாட்டு முடியும்போது மாற்றமும் முடிந்துவிடுகிறது. மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு ஒரு பாட்டின் நீளம் நன்றாகத் தெரியும்.

காத்திருப்பதும் நம்புவதும்

ஒழுங்கு நினைவின் சுமையைக் குறைக்கிறது என்று பார்த்தோம். அது செய்யும் பெரிய வேலை வேறொன்று. அதை விளக்க ஒரே ஒரு சோதனையை நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்பவர் 1960களின் இறுதியில் தொடங்கிய சோதனையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைப்பார்கள். "நான் திரும்பி வரும்வரை இதைத் தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். சில குழந்தைகள் காத்திருந்தார்கள், பலர் தின்றுவிட்டார்கள். காத்திருந்தவர்கள் பின்னாளில் படிப்பிலும் சிறந்தார்கள் என்று செய்தி பரவியது. அடக்கம் பிறவிக் குணம், அது உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று உலகம் பாடம் படித்துக்கொண்டது.

செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளருக்கு இதில் ஓர் ஐயம் எழுந்தது. வீடற்ற குடும்பங்கள் தங்கும் ஒரு காப்பகத்தில் அவர் முன்பு தொண்டு செய்திருந்தார். அங்கே ஒரு குழந்தையின் கையில் இருக்கும் பொருள் எந்த நேரமும் பறிபோகலாம். அப்படிப்பட்ட இடத்தில் வளரும் குழந்தை இனிப்பை உடனே தின்றால் அதை அடக்கமின்மை என்பதா, புத்திசாலித்தனம் என்பதா? ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தம் கூட்டாளிகளோடு அவர் நடத்திய சோதனை 2013-இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுள்ள 28 குழந்தைகள்.

இனிப்புக்கு முன்னால் அவர் இரண்டு படிகளைச் சேர்த்தார். முதல் படி, ஒரு கோப்பையை அலங்கரிக்கும் வேலை. குழந்தைக்குத் தேய்ந்த பழைய மெழுகு வண்ணக் குச்சிகள் சில கொடுக்கப்பட்டன. "கொஞ்சம் காத்திருந்தால் இதைவிட நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். இரண்டரை நிமிடம் கழித்து வந்தார். பாதிக் குழந்தைகளிடம் சொன்னபடியே தட்டு நிறைய வண்ணப் பொருள்களோடு வந்தார். மீதிப் பாதியிடம் வெறுங்கையோடு வந்தார்: "மன்னித்துக்கொள், அதெல்லாம் இல்லையாம். இதையே வைத்துச் செய்."

இரண்டாம் படியும் அப்படியே. முதலில் ஒரு சின்னஞ்சிறு ஸ்டிக்கர். காத்திருந்தால் பெரிய, அழகான ஸ்டிக்கர்கள் என்ற வாக்கு. முதல் கூட்டத்துக்கு ஸ்டிக்கர்கள் வந்தன. இரண்டாம் கூட்டத்துக்கு மீண்டும் மன்னிப்பு மட்டும் வந்தது.

அதன் பிறகுதான் இனிப்பு. ஒன்று இப்போது, காத்திருந்தால் இரண்டு. ஆய்வாளர் வெளியே போகிறார். அதிகபட்சம் 15 நிமிடம்.

வாக்கு இருமுறை காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடத்துக்குச் சற்று மேல் காத்திருந்தார்கள். வாக்கு இருமுறை பொய்த்துப்போன குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிடமே காத்திருந்தார்கள். முதல் கூட்டத்தின் 14 பேரில் 9 பேர் கடைசி வரை இனிப்பைத் தொடவில்லை. இரண்டாம் கூட்டத்தின் 14 பேரில் ஒரே ஒருவர்தான் தாக்குப்பிடித்தார்.

இரு கூட்டத்திலும் இருந்தவர்கள் ஒத்த வயதுக் குழந்தைகள். யார் எந்தக் கூட்டம் என்பதைக் குணம் பார்த்துப் பிரிக்கவில்லை. அவர்களுக்கு இடையில் இருந்த வேறுபாடு, பெரியவர் ஒருவரோடு சற்றுமுன் கிடைத்த சில நிமிட அனுபவம் மட்டும்தான். 2018-இல் வேறோர் ஆய்வுக் குழு மிஷெலின் முடிவை 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மறுபடி சோதித்தது. குடும்பத்தின் நிலையையும் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும், இனிப்புக்குக் காத்திருப்பதற்கும் பின்னாள் படிப்புக்குமான தொடர்பு மிகவும் சுருங்கிப்போனது.

நாம் அடக்கம் என்று அழைப்பதில் ஒரு பெரும் பங்கு நம்பிக்கை. அடுத்து வரவேண்டியது வரும் என்று நம்பும் குழந்தையால் காத்திருக்க முடியும். நம்ப வழியில்லாத குழந்தை கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாளில் எத்தனை வாக்குகள்

இப்போது பால்வாடிக்குத் திரும்புவோம். "விளையாடி முடிச்சதும் சாப்பாடு, தங்கம்" என்று டீச்சர் சொல்கிறார், சாப்பாடு வருகிறது. "தூங்கி எழுந்தா அம்மா வந்துடுவாங்க" என்கிறார், அம்மா வருகிறார். "அவன் ஊஞ்சல்ல ஆடினதும் உன் முறை" என்கிறார்; முறை வருகிறது. நேற்றும் வந்தது, நாளையும் வரும். ஒழுங்கான நாள் ஒன்று குழந்தைக்கு மணிக்கணக்கில் சிறு சிறு வாக்குகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் காப்பாற்றுகிறது. ரோசெஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாக்குகளுக்கே அத்தனை பலன் என்றால், மாதக்கணக்கில் தினமும் காப்பாற்றப்படும் வாக்குகள் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். வரிசையில் தட்டோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் நாம் பார்ப்பது அந்தச் சேமிப்பைத்தான்.

வீட்டில் நாம் அன்போடுதான் இருக்கிறோம். ஆனால் நம் பேச்சில் எவ்வளவு உண்மை என்று கணக்குப் பார்க்க வேண்டும். "சாப்பிடு, கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்." போவதில்லை. "அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவார்." போடுவதில்லை. "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்." பூச்சாண்டி வருவதில்லை. இவை பெரிய பொய்கள் என்று நாம் நினைப்பதில்லை. குழந்தையைச் சமாளிக்கும் வழிகள் என்றே எண்ணுகிறோம். குழந்தையோ இவற்றிலிருந்து ஒரு பொது விதியைக் கற்றுக்கொள்கிறது: இவர்கள் சொல்வதும் நடப்பதும் வேறு வேறு. அதன்பின் "அப்புறம் தர்றேன்" என்ற சொல்லுக்கு அதனிடம் மதிப்பில்லை. இப்போதே வேண்டும் என்று புரளும்.

இதில் மிகக் கூர்மையானது பால்வாடி வாசலில் நடக்கிறது. அழுகிறதே என்று பரிதாபப்பட்டு, குழந்தை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் அம்மா சொல்லாமல் நழுவிவிடுகிறார். அன்றைய அழுகை குறைந்ததாகத் தோன்றும். ஆனால் கண் அசந்தால் அம்மா மறைந்துபோவார் என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. மறுநாள் முந்தானையை விடாது. "நான் போய்ட்டு வரேன் கண்ணு, நீ தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லி, அது அழுதாலும் கிளம்பி, சொன்ன நேரத்தில் வந்து நிற்பதுதான் அந்த அழுகைக்கு மருந்து.

"ஓடாதே" என்றால் ஏன் ஓடுகிறது?

ஒழுங்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழந்தை பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுக்கத்தான் செய்யும். அப்போது என்ன சொல்வது?

அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் சிறு குழந்தைகளின் கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்துப் பார்த்தார். "அழுத்து" என்றால் அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டிருக்கும்போது "போதும், அழுத்தாதே" என்றால், மிகச் சிறிய குழந்தைகள் சில சமயம் இன்னும் பலமாக அழுத்தினார்கள். ஒரு சொல்லுக்கு வேலையைத் தொடக்கிவைக்கும் வலிமை முதலில் வருகிறது. நடந்துகொண்டிருப்பதை நிறுத்தும் வலிமை பின்னால்தான் வருகிறது. "அழுத்தாதே" என்பதில் குழந்தையின் கைக்குக் கேட்டது "அழுத்து".

தேர்ந்த டீச்சர்கள் பேசுவதைக் கேளுங்கள். "ஓடாதே" என்பதற்குப் பதில் "மெல்ல நட". "கத்தாதே" என்பதற்குப் பதில் "காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லு". "அடிக்காதே" என்பதற்குப் பதில், அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, "பாப்பாவுக்கு வலிக்கும். பொம்மை வேணும்னா 'குடு'ன்னு கேளு." எதை நிறுத்த வேண்டும் என்று சொன்னால் நிறுத்தும் திறன் தேவை. எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்யும் திறன் போதும். அது மூன்று வயதில் ஏராளமாக இருக்கிறது.

அடம் உச்சிக்குப் போகும்போது

சில நேரம் எந்தச் சொல்லும் உள்ளே போகாது. தரையில் விழுந்து, காலை உதைத்து, மூச்சு முட்ட அழும். மைக்கேல் பொட்டேகல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த அடங்களைப் பெற்றோர்களின் விவரிப்புகளிலிருந்து நூற்றுக்கணக்கில் தொகுத்து 2003-இல் வெளியிட்டார். அவற்றில் நான்கில் மூன்று பங்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டிருந்தன. அடத்துக்குள் இரண்டு உணர்ச்சிகள் இருப்பதையும் அவர் கண்டார். கத்தலும் உதைத்தலுமான கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் வேகமாகத் தணிகிறது. விம்மலும் ஆறுதல் தேடலுமான துயரம் கடைசி வரை நீள்கிறது.

கோபம் உச்சியில் இருக்கும்போது நீதி சொல்வதும், "ஏன் அழறே?" என்று கேள்வி கேட்பதும் எண்ணெய் வார்ப்பதில் முடியும். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அமைதியாக இருந்தால் போதும். கை மெல்ல நீளும்போது தூக்கிக்கொள்ளலாம். பேச வேண்டியதை அதன்பின் பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. நான்கு முறை மறுத்துவிட்டு ஐந்தாம் முறை அழுகை தாங்காமல் கைப்பேசியைக் கொடுத்தால் என்ன ஆகும்? எப்போதாவது மட்டும் பலன் தரும் செயலை விலங்குகள் எளிதில் விடுவதில்லை என்று பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து விரிவாகக் காட்டினார். குழந்தைகளும் அப்படித்தான். தினமும் கிடைப்பதைவிட, எப்போதாவது கிடைக்கும் என்ற நிலைதான் அடத்தை வலுவாக்குகிறது. கொடுப்பதென்றால் முதலிலேயே கொடுத்துவிடலாம். மறுப்பதென்றால் கடைசி வரை மறுக்க வேண்டும்.

ஸ்டாரும் அடியும்

சமர்த்தாக இருந்தால் கையில் பேனாவால் ஒரு ஸ்டார். இது பல மழலையர் பள்ளிகளில் நடப்பது. மார்க் லெப்பர் என்பவரும் கூட்டாளிகளும் அதே பிங் பள்ளியில் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நம்மை எச்சரிக்கிறது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் பரிசுச் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைப் பரப்பிவைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லப்படாமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. விருப்பத்தோடு செய்வதற்கு விலை பேசினால் விருப்பம் குறைகிறது. சாப்பிடுவதற்கும் விளையாடுவதற்கும் ஸ்டார் வேண்டாம். "உன் தட்டை நீயே எடுத்து வெச்சுட்டியே!" என்று பார்த்ததைச் சொன்னால் போதும்.

அடியைப் பற்றி ஒரே செய்தி. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016-இல், 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அடிவாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் அதிகமாக இருந்தன. அடியால் குழந்தைக்கு நன்மை விளைந்ததற்கான அடையாளம் அதில் இல்லை.

பாயில் நடக்கும் பாடம்

மதியத் தூக்கத்தை "வேலை இல்லாத நேரம்" என்று நினைப்பவர்கள் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் 2013-இல் 40 மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். காலையில் எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைவில் வைக்கும் விளையாட்டு. ஒருநாள் மதியம் தூங்கவிட்டார்கள், இன்னொரு நாள் விழித்திருக்கச் செய்தார்கள். தூங்கிய நாளில் குழந்தைகள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். விழித்திருந்த நாளில் இழந்ததை அன்றிரவுத் தூக்கம் ஈடுகட்டவில்லை. வழக்கமாக மதியம் தூங்கும் குழந்தைகளிடம்தான் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. தூக்கம் தவறிய மாலையில் அடம் கூடுவதை எந்த வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒழுங்கைத் தாங்கும் கைகள்

இதுவரை சொன்னவை அனைத்தும் ஒரு பெரியவர் மேல் நிற்கின்றன. மெல்லிய குரலில் "மெல்ல நட" என்பதற்கும், அழும் பிள்ளையின் அருகில் ஐந்து நிமிடம் உட்கார்வதற்கும், சொன்ன பாட்டைச் சொன்ன நேரத்தில் பாடுவதற்கும் ஆள் வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய, பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்திருக்கிறது. ஒரு மையத்தில் வழக்கமாக ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குழந்தைகளின் எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் விவரம் பதிவது, இணை உணவு வழங்குவது, தடுப்பூசி நாளுக்கு அழைப்பது என எல்லாம் அந்தப் பணியாளரின் கையில்தான். பதிவேட்டில் அவர் மூழ்கும் நேரத்தில் பிள்ளைகளின் நாள் குலைகிறது.

இதற்கு என்ன மாற்று என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அலெஹாந்திரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் நான்கு மாவட்டங்களின் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவர் தரப்பட்டார். அந்த மையங்களில் குழந்தைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் அவர்கள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. கூடுதலாக வந்தவை இரண்டு கைகள். அந்தக் கைகளால் இரண்டு பேரின் வேலையும் அதனதன் நேரத்தில் நடந்தது.

வீட்டில் இந்த அறிவை எங்கே தொடங்குவது? நாள் முழுவதையும் மாற்ற வேண்டாம். தினமும் சண்டை வரும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரவுச் சாப்பாட்டிலிருந்து தூக்கம் வரையான நேரம். அதில் நான்கே படிகளை ஒரே வரிசையில் வையுங்கள்: கை கழுவுதல், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பாடு, பல் தேய்த்தல், ஒரு கதை. மணி முன்னே பின்னே ஆகலாம். வரிசை மாறக் கூடாது. கதை உண்டு என்று சொன்னால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கதை சொல்லியே ஆக வேண்டும். முதல் சில நாள் குழந்தை எல்லையைத் தட்டிப் பார்க்கும். பழைய வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று அறிய அதற்கு வேறு வழியில்லை.

"எங்க பிள்ளை வீட்டுல மட்டும் அடங்கவே மாட்டேங்குது" என்று இனி யாராவது சொன்னால், அந்தக் குழந்தையின் குணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியுமா? சொன்னது வரும் என்று நம்ப அதற்குக் காரணம் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். வீட்டில் அது பெற்றோர்; பால்வாடியில் டீச்சரும், அவருக்குப் போதிய கைகளைத் தர வேண்டிய அரசும்.